சுகந்தி கொண்டுவந்த நலங்கு மாவு

"'உன் கையால செஞ்சது எதையும் இனிமே என் மூஞ்சி பக்கம் கொண்டு வராதே. நலங்கு அன்னைக்கும் நீ என்னைத் தொட வேண்டாம். பார்லர்லேருந்து ஆள் வந்து எல்லாத்தையும் பார்த்துப்பாங்க.' ஒரு வார்த்தை கூட்டலை, ஒரு வார்த்தை குறைக்கலை டீச்சர். இப்படியே சொன்னா. நான் பெத்த பொண்ணு, என்னைப் பார்த்து!"

சுகந்திக்கு மூச்சு வாங்கியது. பாளையங்கோட்டையிலிருந்து தென்காசி, தென்காசியிலிருந்து இலஞ்சி என்று இரண்டு பஸ் மாறி வந்தும் ஆத்திரம் ஆறவில்லை. செருப்பில் ஒன்று வாசலிலும் இன்னொன்று நடையிலும் கிடந்தது.

குரு பின்கட்டில் உட்கார்ந்து, வேகவைத்து ஆறிய பூந்திக்கொட்டையைக் கையால் பிசைந்துகொண்டிருந்தார். பாத்திரம் தேய்க்கிற திரவத்துக்கு. நுரை முழங்கை வரை ஏறியிருந்தது.

"உட்காருங்க அக்கா."

"உட்காரவெல்லாம் நேரமில்லை. வர்ற புதன்கிழமை கல்யாணம்."

"நின்னுக்கிட்டே பேசினா கல்யாணம் சீக்கிரம் வந்துடுமா?"

சுகந்தி உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் எழுந்து, கைப்பையிலிருந்து ஒரு எவர்சில்வர் டப்பாவை எடுத்து குருவின் முன்னால் டங்கென்று வைத்துவிட்டு மறுபடி உட்கார்ந்தாள்.

குருவின் பெயர் உலகம்மை. கல்லூரியில் வேதியியல் நடத்திக்கொண்டிருந்தவர் அந்த வேலையை விட்டுவிட்டு இந்த வீட்டுக்கு வந்தார். குளியல்பொடி, பல்பொடி, தலைக்குத் தேய்க்கிற தூள், தரை துடைக்கிற எலுமிச்சைத் தோல் ஊறல் என்று கடையில் வாங்குவதை எல்லாம் வீட்டிலேயே செய்துகொள்ளச் சொல்லிக்கொடுப்பார். கற்றுக்கொள்ள வரும் பெண்களில் பாதிப் பேர் அவரைவிட மூத்தவர்கள். சுகந்தியும் அப்படித்தான், பத்துப் பன்னிரண்டு வயது மூப்பு. அதனால் குரு சிஷ்யையை அக்கா என்பார். சிஷ்யை குருவை டீச்சர் என்பாள். இரண்டு பேருக்கும் இது சரியாகவே இருந்தது.

சுகந்தி இந்த வாசலை முதலில் மிதித்தது பல்பொடிக்காகவும் இல்லை, தரை துடைக்கவும் இல்லை. ஒரே மகள் சிந்துஜா. அவளுக்குக் கல்யாணம் என்று வந்தால், நலங்கு அன்று அவளை மணையில் உட்கார வைத்து, தான் அரைத்த மாவைத் தன் கையால் பூசிவிட வேண்டும். அந்த ஒரு ஆசைக்காகத்தான் அவள் இத்தனை காலமும் வந்து போய்க்கொண்டிருந்தாள். கல்யாணம் முடிந்த கையோடு பெண் ஹைதராபாத் போய்விடுவாள். பிறகு அந்தக் கன்னத்தைத் தொட வேண்டுமென்றால் டிக்கெட் போட்டுக்கொண்டு போக வேண்டும்.

"முகம் எப்படி இருக்கு இப்போ?" என்று குரு கேட்டார்.

"சிவந்து போச்சு. ரெண்டு கன்னமும், மூக்கு ஓரமும், கண்ணுக்குக் கீழேயும். நேத்து டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். களிம்பு எழுதிக் கொடுத்தார். கல்யாணத்துக்குள்ள அடங்கிடும்னார்."

"எதனாலன்னு சொன்னாரா?"

"அவருக்கு என்ன தெரியும்? 'இயற்கைன்னு சொல்லிக் கண்டதையும் பூசாதீங்கம்மா'ன்னு எனக்கே பாடம் எடுக்கிறார். எனக்கு! அந்த ஆளோட கிளினிக்ல கை கழுவ வச்சிருக்கிற சோப்பைப் பார்க்கணுமே, சலவைக்கட்டி தோத்துப் போகும்."

குரு பூந்திக்கொட்டைச் சக்கையைப் பிழிந்து தனியே வைத்தார். வெள்ளைத் துணியை ஒரு பாத்திரத்தின் வாயில் விரித்தார்.

"இந்த முனையைப் பிடிச்சுக்கோங்க அக்கா."

"டீச்சர், நான் இங்க என் வயிறு எரிஞ்சு பேசிக்கிட்டிருக்கேன்."

"பேசுங்க. பிடிச்சுக்கிட்டும் பேசலாம்."

சுகந்தி துணியின் முனையைப் பிடித்தாள். குரு சாற்றை ஊற்றினார். நுரை துணியின் மேலே நின்றுவிட்டது, சாறு கீழே சொட்டு சொட்டாக இறங்கியது. சுகந்தி துணியைப் பிடித்து ஓர் உலுக்கு உலுக்கினாள்.

"உலுக்கினா சக்கையும் சேர்ந்து இறங்கிடும்."

"எனக்கு இதெல்லாம் பொறுக்காது, உங்களுக்கே தெரியும். சரி, நான் வந்த விஷயத்துக்கு வர்றேன். நீங்க அவளுக்கு ஒரு ஃபோன் போடணும்."

"யாருக்கு, சிந்துஜாவுக்கா?"

"ஆமா. நான் சொன்னா நம்ப மாட்டா. நீங்க கெமிஸ்ட்ரி படிச்சவங்க, காலேஜ்ல நடத்தினவங்க. நீங்க சொன்னா கேட்பா. அந்த மாவுல ஒரு குறையும் இல்லை, முந்தின நாள் பார்லர்ல போட்ட ப்ளீச்தான் காரணம், இதை மட்டும் சொல்லிடுங்க. போதும்."

"ப்ளீச் போட்டாளா?"

"போட்டா. கேட்டா இல்லைங்கிறா, ஃபேஷியல்தானாம். ஏதோ ஒண்ணு. இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்கு ரெண்டுக்கும் வித்தியாசம் எங்க தெரியுது?"

குரு தலையை ஆட்டினார். "சொல்றேன்."

இவ்வளவு சுலபமாக முடியும் என்று சுகந்தி எதிர்பார்க்கவில்லை. வழியெல்லாம், பஸ் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து, குரு மறுத்தால் சொல்வதற்கென்று நாலைந்து பதில்களைத் தயார் செய்து வைத்திருந்தாள். அவை எல்லாம் வீணாயின.

"நிஜமாவா டீச்சர்?"

"சொல்றேன்னுதானே சொன்னேன். ஆனா அவ குறுக்குக் கேள்வி கேட்பா, உங்க பொண்ணாச்சே. எப்படிச் செஞ்சீங்கன்னு எனக்குச் சொல்லுங்க. நான் முழிக்கக் கூடாதில்ல."

சுகந்தி நிமிர்ந்து உட்கார்ந்தாள். இது அவளுக்குப் பிடித்த இடம்.

"பச்சைப்பயறு நானே பொறுக்கி எடுத்தேன். ஒரு பூச்சி அரிச்சது இல்லை. கஸ்தூரி மஞ்சள் கடையில எதையோ கொடுத்து ஏமாத்தப் பார்த்தான். முகர்ந்து பார்த்துட்டு அவன் மூஞ்சியிலேயே திருப்பிக் கொடுத்துட்டு வேற கடைக்குப் போனேன். பூலாங்கிழங்கு, கார்போகரிசி, வெட்டிவேர், ஆவாரம்பூ. ரோஜா கடைப் பூ இல்லை, எங்க மாடியில நான் வளர்த்த பன்னீர் ரோஜா. மருந்து அடிக்காதது."

"ம்."

"கிழங்கெல்லாம் வெயில்ல, பூவெல்லாம் நிழல்ல. நீங்க சொன்ன மாதிரியே. மாடியில காக்கா வராம நானே குடை பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். எங்க வீட்டுக்காரர், 'உன் பொண்ணுக்குக் கல்யாணமா, கிழங்குக்கா?'ன்னு கேட்டார்."

"அப்புறம்?"

"அப்புறம் மெல்லிசு துணியில சலிச்சேன். ஒரு தடவை சலிச்சது போதாதுன்னு மறுபடி சலிச்சேன். டப்பாவைச் சுடுதண்ணியில கழுவி, காயவச்சு, அதுல போட்டேன். இதைவிட என்ன செய்யணும் டீச்சர் ஒரு அம்மா?"

"காயவச்சதுக்கும் சலிச்சதுக்கும் நடுவுல?"

"நடுவுல என்ன? அரைச்சேன்."

"வீட்டுலயா?"

"அவ்வளவையும் மிக்ஸியில போட்டா மிக்ஸி என்னத்துக்கு ஆகும்? மில்லுலதான்."

"ம்" என்றார் குரு.

சுகந்தி அடுத்த கேள்விக்காகக் காத்திருந்தாள். அது வரவில்லை. குரு துணியின் மேலே நின்ற நுரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டிருந்தால் சுகந்தி பதில் சொல்லியிருப்பாள், ஏதாவது ஒன்று சொல்லிச் சமாளித்திருப்பாள். கேட்காததுதான் தொல்லையாகிவிட்டது. மில் அவள் கண்முன்னே வந்து நின்றது.

மாவு அரைக்கிற மில்லில் இரண்டு மெஷின். ஒன்று அரிசிக்கும் கோதுமைக்கும். மற்றது மஞ்சள், மல்லி, மிளகாய், சீயக்காய் எல்லாவற்றுக்கும். அன்று அந்த இரண்டாவது மெஷினைச் சுற்றிக் காற்றே சிவப்பாக இருந்தது. சுகந்தி உள்ளே நுழைந்ததும் தும்மினாள். அதை ஓட்டுகிற செல்லத்துரையும் துண்டால் மூக்கை மூடிக்கொண்டிருந்தான்.

"யக்கா, இப்பத்தான் ஒரு ஓட்டல்காரங்க மிளகா வத்தல் ஓடி முடிஞ்சிருக்கு. மெஷினைக் கழட்டித் தட்டிட்டு, ரெண்டு தடவை அரிசி விட்டு ஓட்டிடுதேன். மூஞ்சிக்குப் போடுததுல்லா? அரை மணி நேரம் அப்படி உட்காருங்க."

அரை மணி நேரம். வீட்டில் பார்லர் பெண் மத்தியானம் வருவதாக இருந்தாள், ஒத்திகை மேக்கப்புக்கு. கை நிறையக் குப்பிகளோடு வந்து இறங்கி, 'உங்க ஸ்கின் ரொம்ப டல்லா இருக்கு மேடம்' என்று ஆரம்பிப்பாள். அவள் வருவதற்கு முன்னால் இந்த மாவைப் பூசிக் கழுவி, 'பார், இதற்கு மேல் நீ என்ன செய்யப் போகிறாய்?' என்று பெண்ணை அவள் முன்னால் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். வாசலில் ஆட்டோக்காரன் வேறு ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான்.

"உன் மெஷினைக் குளிப்பாட்டி விடுற வரைக்கும் நான் இங்க நிக்கணுமா? போடுப்பா பேசாம."

"யக்கா, காரம் ஒட்டியிருக்கும்."

"நான் சலிச்சுக்கிறேன். நீ போடு."

அவன் போட்டான். அவள் சலித்தாள், இரண்டு தடவை. காரம் சலித்தால் போகுமா என்று அவளுக்குள்ளே ஒரு குரல் கேட்கத்தான் செய்தது. பார்லர் பெண் வருகிற நேரம் ஆகிவிட்டதால் அந்தக் குரலை அவள் அப்புறம் கவனிக்கலாம் என்று விட்டுவிட்டாள்.

"என்ன அக்கா, சத்தத்தையே காணோம்?" என்றார் குரு.

"ஒண்ணுமில்லை. வசம்பு கொஞ்சம் தூக்கலாப் போட்டுட்டேனோன்னு யோசிச்சேன். அது கொஞ்சம் எரிக்கும் இல்லையா?"

"நீங்க வசம்பு போட்டதாவே சொல்லலையே."

"சொல்லலையா? மறந்திருப்பேன். சரி, இல்லைன்னே வச்சுக்கோங்க. நான் சொன்னேனில்ல, ப்ளீச்சுன்னு."

குரு கையைக் கழுவிக்கொண்டு வந்தார்.

"வீட்டுல வேற யார் போட்டுப் பார்த்தீங்க?"

"யாரும் போடலை. கல்யாணப் பொண்ணுக்குன்னு செஞ்சது. அவதானே முதல்ல போடணும்?"

"நீங்க எதுல குளிக்கிறீங்க அக்கா?"

"நானா?" சுகந்தி சேலைத் தலைப்பைச் சரிசெய்தாள். "அது... சோப்புதான். அவர் ஆபீஸ்ல தீபாவளிக்கு ஒரு பெட்டி கொடுத்தாங்க. லாவெண்டர். வீணாப் போகக் கூடாதேன்னு."

குரு சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் சுகந்திக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"எனக்கு எதுக்கு டீச்சர் இந்த மாவும் பொடியும்? என் தோல் எருமைத்தோல். அடுப்புலேயும் வெயில்லேயும் கிடந்து காய்ஞ்சது. எல்லாம் அவளுக்குத்தானே?"

"சரி" என்றார் குரு. "ஃபோன்ல நம்பரைப் போட்டு வைங்க. பேசிடலாம்."

சுகந்தி சுறுசுறுப்பாகக் கைப்பேசியை எடுத்தாள். சிந்துஜாவின் படம் திரையில் வந்தது. நிச்சயதார்த்தத்தன்று எடுத்தது. முகம் தெளிந்த நீர்போல இருந்தது அதில். அவள் படத்தை ஒரு நொடி பார்த்துவிட்டுக் கைப்பேசியை குருவிடம் நீட்டினாள்.

குரு வாங்கிக்கொள்ளவில்லை. துவைக்கிற கல்லைக் காட்டினார். "அங்க வைங்க. முதல்ல முகத்துக்குப் போட்டுக் கழுவிட்டு வந்துடறேன்."

"எதை?"

"உங்க மாவை. குறையில்லைன்னு நான் சொல்றதா இருந்தா, நான் போட்டுப் பார்த்திருக்கணுமில்ல. 'நீங்க போட்டுப் பார்த்தீங்களா டீச்சர்?'னு அவ கேட்டா என்ன சொல்றது?"

"அதெல்லாம் கேட்க மாட்டா."

"நீங்க பெத்த பொண்ணு. கேட்பா."

குரு டப்பாவைத் திறந்து, ஒரு கிண்ணத்தில் மூன்று கரண்டி அளவுக்கு மாவைக் கொட்டினார். நல்ல நிறம். பன்னீர் ரோஜாவும் வெட்டிவேரும் மணந்தன. அவர் கிண்ணத்தையும் ஒரு செம்புத் தண்ணீரையும் சுகந்தியின் முன்னால் நகர்த்தினார்.

"குழைங்க அக்கா. பொண்ணுக்குக் குழைச்ச பதத்துலேயே."

சுகந்தி தண்ணீரை விட்டாள். விரல்களால் குழைத்தாள். நகக்கண்ணில் ஏதோ சுருக்கென்றது. நகம் வெட்டும்போது சதையோடு வெட்டிவிட்ட இடம். அவள் கையை எடுக்கவில்லை.

"வேண்டாம் டீச்சர். உங்களுக்கு வேற வேலை இருக்கும். இதை வடிகட்டணும், பாட்டில்ல அடைக்கணும்."

"அது தானா வடியும். இப்ப சும்மாதான் இருக்கேன்."

"கையில கொஞ்சூண்டு வச்சுப் பார்த்தா போதாதா? முகத்துக்கு எதுக்கு?"

"சிந்துஜாவுக்குக் கையில வச்சுப் பார்த்தீங்களா?"

"அது... அன்னைக்கு நேரமில்லை."

"எனக்கும் அப்படியே இருக்கட்டும்."

"உங்க தோல் மெல்லிசு."

"அவ தோலை விடவா?"

சுகந்தி வாயைத் திறந்து மூடினாள். பேச்சுக்குப் பஞ்சமில்லாத வாய் அது. கான்வென்ட்டில் படிக்கும்போது சிஸ்டர்களே அவளிடம் வாய் கொடுக்கத் தயங்குவார்கள். பாளையங்கோட்டையில் அவள் தெருவில் காய்கறிக்காரர்கள் விலையை முதலிலேயே குறைத்துச் சொல்லிவிடுவார்கள்.

"அப்ப நான் போட்டுக்கிறேன்" என்றாள் சட்டென்று. "என் முகத்துல. இப்பவே. நீங்க பார்த்துச் சொல்லுங்க."

"உங்களுக்குத்தான் எருமைத்தோலாச்சே? அதை வச்சு நான் எப்படி அவளுக்குச் சொல்றது?"

குரு கண்ணாடியைக் கழற்றி ஜன்னல் விளிம்பில் வைத்தார். கண்ணாடி இல்லாமல் அவர் முகம் இன்னும் சின்னதாகத் தெரிந்தது. தலைமுடியை இழுத்துக் கொண்டை போட்டுக்கொண்டார். கழுத்தைச் சுற்றி ஒரு துண்டைச் செருகிக்கொண்டார். ஒரு மணையை இழுத்துப் போட்டு அதில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, முகத்தை மேலே தூக்கினார்.

சிந்துஜாவும் இப்படித்தான் உட்கார்ந்தாள். முதலில் மாட்டேன் என்றாள், செல்ஃபோனை விட்டு நகரவில்லை. பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, 'சரி, உன் ஆசைக்கு' என்று வந்து உட்கார்ந்து, இதேபோலத்தான் முகத்தைத் தூக்கிக் கொடுத்தாள்.

"பூசும்போது அவ ஒண்ணும் சொல்லலையா அக்கா?" என்று குரு கேட்டார்.

சுகந்தி கிண்ணத்தில் மாவை மறுபடி குழைத்தாள்.

சொன்னாள். ஒரு கன்னம் பூசி முடிப்பதற்குள் சிந்துஜா சொன்னாள். 'எரியுதும்மா' என்றாள். 'எரிஞ்சாத்தான்டி வேலை செய்யுதுன்னு அர்த்தம், ஆடாம இரு' என்றாள் சுகந்தி. 'ரொம்ப எரியுதும்மா' என்று எழப் போனவளின் தோளை அழுத்தி உட்கார வைத்து, அடுத்த கன்னத்துக்கும் பூசினாள். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கி மாவில் கோடு போட்டது. அந்தக் கோட்டையும் சுகந்தி விரலால் தடவி மூடினாள், பூச்சு அங்கே விட்டுப்போகக் கூடாதே என்று.

"என்ன சொன்னா?" என்று குரு மறுபடி கேட்டார்.

"சின்னப் பிள்ளைதானே டீச்சர். ஏதாவது சொல்லிக்கிட்டேதான் இருப்பா."

குரு அதற்கு மேல் கேட்கவில்லை. வெளியே சாரல் பிடித்திருந்தது. துவைக்கிற கல்லின் மேல் இருந்த கைப்பேசியில் இரண்டு துளி விழுந்தது. வழக்கமாக இருந்தால் சுகந்தி பாய்ந்து எடுத்திருப்பாள்.

"நேரமாகுதே அக்கா. கடைசி பஸ்ஸை விட்டுடாதீங்க."

சுகந்தி இரண்டு விரலால் மாவை எடுத்தாள். குருவின் கன்னத்துக்கு அருகில் கொண்டுபோனாள். மாவு விரலிலிருந்து மெல்ல வழிந்து, கையில் ஒரு கோடாக இறங்கி, முழங்கையில் போய் நின்றது. விரல் கன்னத்தைத் தொடவில்லை. திரும்பவும் கிண்ணத்துக்குப் போகவுமில்லை.

"டீச்சர்" என்றாள்.

"சொல்லுங்க."

அவள் மற்ற கையால் முழங்கையில் நின்ற மாவைத் துடைத்தாள்.

குரு கண்களை மூடிக்கொண்டார். முகத்தை இன்னும் கொஞ்சம் அவள் கைப்பக்கமாக நீட்டினார்.

"பூசுங்க அக்கா. எரியுதுன்னு நான் சொன்னா மட்டும் கையை எடுத்துடுங்க, என்ன?"